முதலில் தேறுவது நரம்பு

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் காலை நேரத்தில் நின்று பார்த்தால் தெரியும். லாரியிலிருந்து அரிசி மூட்டை இறக்கும் சுமட்டுத் தொழிலாளிகளில் பலர் ஒல்லியானவர்கள். ஐம்பது கிலோவைத் தோளில் வாங்கி, முதுகை நிமிர்த்தி, சந்துக்குள் ஏறக்குறைய ஓட்டமாகவே போய்விடுவார்கள். திரண்ட புஜம் ஒன்றும் கண்ணில் படாது. அதே ஊரில், ஜிம் கண்ணாடி முன்னால் கையை மடக்கிக் காட்டுபவர் அந்த மூட்டையிடம் திணறிப் போகலாம். இரண்டுமே உழைத்துச் சம்பாதித்த உடம்புதான். எதற்குப் பழகியதோ அதில் தேறியிருக்கிறது.

டெக்னோபார்க் வேலை முடிந்து கழக்கூட்டம் பக்கத்து ஜிம்களில் சேரும் இளைஞர்களுக்கு இந்த வேறுபாடு முதல் நாளே குழப்பமாகிறது. “சேட்டா, பாடியும் வேணும், பவரும் வேணும், எது முதல்ல?” என்பார்கள். இந்தக் கேள்விக்கு அறிவியலில் தெளிவான பதில் இருக்கிறது.

ஆணழகன் போட்டியில் நடுவர்கள் பார்ப்பது தசையின் பருமன், அங்கங்களின் பொருத்தம், தோலடிக் கொழுப்பு வற்றித் தெரியும் தசைக் கோடுகள். எத்தனை கிலோ தூக்குவாய் என்று யாரும் கேட்பதில்லை. வலுதூக்குதலில் கேள்வி அது ஒன்றுதான். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட், ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. தொப்பை இருந்தாலும் குறையில்லை.

தசை என்பது ஏராளமான இழைகளின் கட்டு. ஒரு நரம்பணுவும் அதன் ஆணைக்குக் கட்டுப்பட்ட இழைகளும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு. லேசான வேலைக்குச் சிறிய அலகுகள் மட்டும் எழும்; பாரம் ஏற ஏறத்தான் பெரியவை எழும். அவற்றை வேகமாகவும் முழுமையாகவும் எழுப்பப் புதியவரின் நரம்புகளுக்குப் பழக்கமில்லை. பயிற்சியின் தொடக்க வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்புப் பழக்கத்தால் வருவது, தசை பருப்பது பிறகுதான் என்று 1979இல் மொரிடானி, டி வ்ரீஸ் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். “ஒரு மாசமாச்சு, கை பெருசாகலையே” என்று ஜிம்மை விட்டு நிற்கிறவர்களிடம் யாராவது இதைச் சொல்ல வேண்டும். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அவர்கள் வெளியேறிவிடுகிறார்கள்.

சரி, பழகியவர்களுக்கு? 2014இல் ஆய்வாளர் பிராட் ஷோன்ஃபெல்டு குழுவினர் பயிற்சி பெற்ற ஆண்களை இரண்டு அணியாகப் பிரித்து எட்டு வாரம் தூக்க வைத்தார்கள். ஓர் அணிக்கு மூன்று செட், செட்டுக்குப் பத்துத் தடவை. மற்றதற்குக் கூடுதல் பாரம், ஏழு செட், செட்டுக்கு மூன்று தடவை. மொத்த வேலை ஏறத்தாழ ஒன்றே. முடிவில் இரு அணியினருக்கும் புஜம் ஒரே அளவில் பருத்திருந்தது. பெஞ்ச் பிரஸ் பலமோ பெரிய பாரம் தூக்கியவர்களுக்கே அதிகம் கூடியது. ஆனால் அவர்கள் செலவிட்ட நேரமும் பல மடங்கு. மூட்டு வலியும் சோர்வும் அந்த அணியில்தான் கூடுதல். ஆணழகன் போட்டியாளர்கள் நடுத்தர எடையில் நிறைய செட் போடுவதும், வலுதூக்குபவர்கள் மூன்று, ஐந்து நிமிடம் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு அடுத்த செட்டுக்கு எழுவதும் இதனால்தான்.

போட்டி மேடையில் இந்த இரு வழிகளும் எவ்வளவு விலகிப் போகின்றன என்பதற்கு நம் பக்கத்து ஆட்களே சான்று. வலுதூக்குதலைப் போலவே பலத்தை மட்டும் அளக்கும் பளுதூக்குதலில், வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்நாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179 என மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். கிளீன் அண்ட் ஜெர்க்கில் தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான பாரம் தலைக்கு மேலே போனது. அதற்கு உணவும் நீரும் உறக்கமும் நிறைந்த உடம்பு தேவை. 2019இல் தென்கொரியாவின் ஜெஜு தீவில் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்ற கேரளத்துச் சித்தரேஷ் நடேசனின் துறையில் நிலைமை நேர்மாறு. மாதக்கணக்கில் உணவைக் குறைத்து, கொழுப்பை வற்றவைத்து மேடையேற வேண்டும். பார்வைக்கு மிக வலுவாகத் தெரியும் அந்த நாளில் போட்டியாளரின் பலம் பெரும்பாலும் இறங்கித்தான் இருக்கும்.

அந்த மேடைத் தோற்றத்தைப் புதியவர்கள் அவசரமாக எட்டப் பார்ப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஜிம்களில் சோதனை போட்டு மருந்துகளைப் பறிமுதல் செய்யும் அளவுக்கு விஷயம் முற்றியிருக்கிறது. ஸ்டீராய்டு ஊசி தசையைப் பருக்கவைக்கும், உண்மைதான். கூடவே இதயச் சுவரையும் தடிக்கவைக்கும். உடம்பு தானாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனை நிறுத்திவிடும். இருபது வயதுப் பையனுக்கு இது தேவையே இல்லை. அவன் உடம்பு வெறும் சோற்றுக்கும் முட்டைக்கும் மீனுக்கும் பயறுக்கும் நன்றாகவே வளரும்.

முதல் ஆண்டில் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. வாரத்துக்கு மூன்று நாள், ஸ்குவாட், டெட்லிஃப்ட், பெஞ்ச் பிரஸ், முதுகுக்கு ஓர் இழுப்பு. ஒவ்வொன்றிலும் மூன்று செட், எட்டுத் தடவை. முறை பிசகாமல் கடைசித் தடவையும் வந்தால் மட்டும் இரண்டரை கிலோ கூட்டலாம். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பெரிய பாரத்தை மூச்சடக்கித் தூக்கும்போது அழுத்தம் சட்டென்று ஏறும்.