கர்ணத்தைப் பங்கிடும் செங்குத்துக்கோடு

செங்கோண முக்கோணத்தில் கர்ணத்தின் வர்க்கம், மற்ற இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டிய தொகைக்குச் சமம் என்பது பிதாகரஸ் தேற்றம். இதற்கு நூற்றுக்கணக்கான நிரூபணங்கள் உண்டு. வடிவொத்த முக்கோணங்களைக் கொண்டு நிறுவுவது அவற்றுள் மிகச் சுருக்கமான ஒன்று.

கபந என்ற முக்கோணத்தில் செங்கோணம் ப என்ற முனையில் இருப்பதாகக் கொள்வோம். கர்ணம் கந. ப-விலிருந்து கர்ணத்துக்கு வரையும் செங்குத்துக்கோடு அதை ம என்ற புள்ளியில் சந்திக்கும். முக்கோணம் கமப, பமந என இரண்டாகப் பிரியும். கமப-வில் ம செங்கோணம். க-வில் உள்ள கோணம் பெரிய முக்கோணத்துக்கும் இதற்கும் பொது. இரு கோணங்கள் சமமானால் மூன்றாவதும் சமம். ஆகவே கமப, பெரிய முக்கோணத்தோடு வடிவொத்தது. ந-வில் உள்ள பொதுக் கோணத்தைக் கொண்டு பமந-வுக்கும் இதையே காட்டலாம்.

வடிவொத்த முக்கோணங்களின் ஒத்த பக்கங்கள் ஒரே விகிதத்தில் இருக்கும். கப என்ற பக்கம் சிறிய முக்கோணத்துக்குக் கர்ணம். பெரியதற்கு வெறும் பக்கம். அதனால் விகிதத்தில் அது இரண்டு முறை வருகிறது: கம : கப = கப : கந. அதாவது, கப² = கம × கந. இவ்வாறே பந² = மந × கந. இரண்டையும் கூட்டினால் (கம + மந) × கந. கம, மந சேர்ந்ததே கந. எனவே கப² + பந² = கந².

12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் தமது பீஜகணிதத்தில் இந்த வழியைக் கையாண்டார். பக்கங்கள் 15, 20; கர்ணம் என்ன என்பது அவர் தரும் கணக்கு. கர்ணத்தைத் தெரியாத எண்ணாக வைத்தால், அதன் இரு துண்டுகள் 225-ஐயும் 400-ஐயும் அந்த எண்ணால் வகுத்து வருபவை. துண்டுகளின் கூடுதல் அதே எண் என்பதால் அதன் வர்க்கம் 625, கர்ணம் 25. துண்டுகள் 9, 16.

யூக்ளிட் தம் எலிமெண்ட்ஸ் நூலின் முதல் பகுதியில் தேற்றத்தைப் பரப்பளவு கொண்டே நிறுவினார். விகிதக் கோட்பாடு அந்நூலில் ஐந்தாம் பகுதியில்தான் வருகிறது. ஆறாம் பகுதியில் வடிவொப்புமையைக் கையில் எடுத்தபோது தேற்றமும் விரிந்தது. பக்கங்களின் மேல் சதுரங்களுக்குப் பதில் வடிவொத்த எந்த உருவங்களை வரைந்தாலும், சிறிய இரண்டின் பரப்பு கர்ணத்தின் மேலுள்ளதற்குச் சமம்.

இந்த நிரூபணம் தட்டையான தளத்துக்கே பொருந்தும். கோளத்தின் பரப்பில் கோணங்கள் சமமானால் பக்கங்களும் சமமாகிவிடும். அளவில் வேறுபட்ட வடிவொத்த முக்கோணங்கள் அங்கே இல்லை. தேற்றமும் அங்கே செல்லாது.