கில்லாடிக்குக் கைதட்டலா?

ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவரிடம் போனிலேயே பேசி, பென்ஷன் பணத்தைச் சுருட்டிவிட்டான் ஒருத்தன். தெருவே, 'பலே கில்லாடிப்பா!' என்றது. எனக்கு எரிச்சல். சுருட்டினவன் கெட்டிக்காரன், பறிகொடுத்தவர் அசடா?

பாஷைகளும் அப்படித்தான் சார், அறிவையும் ஏமாற்றையும் ஒரே பாயில் படுக்க வைக்கும். இங்கிலீஷில் 'கன்னிங்' என்றால் நயவஞ்சகம்; அதன் பழைய வேர் 'அறிதல்'. 'கிராஃப்ட்' கைத்திறன், 'கிராஃப்டி' தந்திரக்காரன். 'ஸ்ட்ராட்டஜி' கிரேக்கப் படைத்தலைவனின் கலை. அதன் தம்பி 'ஸ்ட்ராட்டஜெம்' எதிரியை ஏமாற்றும் உபாயம். 'தக்' நம்ம ஊர் ஏற்றுமதி! இந்தியில் ஏமாற்றுக்காரன்.

தமிழ் மட்டும் என்னவாம்? குறளில் 'சூழ்ச்சி' ஆலோசனை, இப்போது டி.வி. சீரியல் வில்லி செய்வது.

நேர்மையான வார்த்தை ஒன்று இருந்தது: 'ஃபோர் ட்வென்டி'. 1860 தண்டனைச் சட்டத்தின் மோசடிப் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் அது 318. 'த்ரீ எய்ட்டீன்' என்று திட்டினால் யாருக்கும் உறைக்காதே!

கில்லாடி என்று மெச்ச மெச்ச, ஏமாந்தவர் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறார். திருடனுக்கு அதுதானே வேண்டும்? பணம் போனால் உடனே 1930-க்குப் போன் போடுங்கள். வெட்கப்பட வேண்டியவன் அவன்தான்.