சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் பயணம்: நடைமுறைக் குறிப்புகள்

சொகுசுக் கப்பல் பயணம் என்பது ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போய்ச் சேர்வதற்காக அன்றி, கப்பலிலேயே தங்கி, உண்டு, பொழுதைக் கழித்து, வழியிலுள்ள துறைமுகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்காக மேற்கொள்ளப்படும் கடற்பயணம் ஆகும். ஓடும் விடுதி என்று இதனை எளிமையாகச் சொல்லலாம். ஆனால் தரையிலுள்ள விடுதிக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கப்பல் கரையை விட்டபின், மறந்த மருந்தை வாங்கக் கடை கிடையாது. காலாவதியான கடவுச்சீட்டைப் புதுப்பிக்க அலுவலகம் கிடையாது. பிந்தி வருபவருக்காகக் கப்பல் காத்திருப்பதும் இல்லை. ஆகவே இப்பயணத்தின் நன்மை தீமைகளில் பெரும்பகுதி வீட்டிலிருந்து புறப்படும் முன்பே முடிவாகிவிடுகிறது. அடிக்கடிக் கப்பலில் செல்வோர் கற்றுக்கொண்ட முதல் பாடமும் இதுவே.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்களில் வாழ்வோரைக் கருத்தில் கொண்டு, இப்பயணத்திற்கான நடைமுறைச் செய்திகள் கீழே தொகுக்கப்பட்டுள்ளன.

பின்னணி

சென்னைத் துறைமுகத்திற்குப் பயணிகள் கப்பல் புதிதன்று. 1926-ல் கட்டப்பட்ட 'ரஜுலா' என்ற கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களிடையே பல்லாண்டுகள் ஓடியது. பின்னர் அவ்வழியில் இந்தியக் கப்பல் கழகத்தின் 'எம்.வி. சிதம்பரம்' ஓடியது. 1985 பிப்ரவரியில் சென்னை நோக்கி வரும் வழியில் அக்கப்பல் தீவிபத்துக்குள்ளாகிப் பலர் உயிரிழந்தனர். அத்துடன் அக்கப்பலின் சேவை முடிவுக்கு வந்தது. அக்காலத்தில் தமிழர்கள் கப்பலேறியது பிழைப்புக்காகவும் உறவினரைக் காண்பதற்காகவுமே.

சுற்றுலாவிற்கான சொகுசுக் கப்பல் சேவை 2022 ஜூன் மாதம் சென்னையில் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் இதனைத் தொடங்கி வைத்தார். கோர்டீலியா குரூசஸ் நிறுவனத்தின் 'எம்பிரஸ்' என்ற கப்பல் இச்சேவையில் ஈடுபட்டது. 1990-ல் பிரான்சில் கட்டப்பட்ட இக்கப்பல் ஏறத்தாழ 210 மீட்டர் நீளம் உடையது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்குச் சென்று திரும்பும் பன்னாட்டுப் பயணமும் தொடங்கியது. அப்போது சென்னைத் துறைமுகத்தில் பயணிகளுக்கென ஒரு முனையமும் திறக்கப்பட்டது.

சென்னையிலிருந்து அந்தமானுக்குச் செல்லும் அரசுக் கப்பல்களை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை தீவு மக்களின் போக்குவரத்திற்காக ஓடுபவை. கட்டணம் குறைவு; வசதிகளும் எளியவை. போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தை அடைய ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகும்.

ஆவணங்கள்

இந்தியத் துறைமுகங்களுக்குள் மட்டும் செல்லும் பயணத்திற்கு அரசு வழங்கிய அடையாள அட்டை போதுமானது. வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடும் பயணத்திற்குக் கடவுச்சீட்டு கட்டாயம். பயணம் முடியும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதங்களுக்கு அது செல்லத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு.

புறநகர்வாசிகளுக்கு அமைந்தகரையிலும் சாலிகிராமத்திலும் உள்ள கடவுச்சீட்டு சேவை மையங்கள் செல்வதற்கு எளிதானவை. விண்ணப்பத்தில் தற்போது குடியிருக்கும் முகவரியையே தர வேண்டும். வாடகை வீடு மாறியவர்கள் பழைய முகவரியைத் தந்துவிட்டால் காவல்துறைச் சரிபார்ப்பில் தாமதம் ஏற்படும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகள் 2022 முதல் ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின் கீழ் உள்ளன.

பெயரிலும் கவனம் தேவை. தமிழ்ப் பெயர்களில் முதலெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னும் மற்றொன்றில் பின்னும் இருக்கும். சில ஆவணங்களில் தந்தை பெயர் முழுமையாக விரிந்திருக்கும். கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்து மாறாமல், பயணச்சீட்டில் பெயர் இருக்க வேண்டும். முன்பதிவு செய்யும்போதே இதனைத் திருத்திக்கொள்வது எளிது. துறைமுக வாயிலில் திருத்த முடியாது.

சிங்கப்பூர் வரை விமானத்தில் சென்று அங்கிருந்து கப்பலேறுவோரும் உண்டு. கப்பல் வேறொரு நாட்டைத் தொட்டுவிட்டு மீண்டும் சிங்கப்பூருக்கே வரும்போது அது இரண்டாவது நுழைவாகக் கருதப்படும். எனவே பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா உள்ளதா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விமானம் தாமதமானால் கப்பலைத் தவறவிட நேரும் என்பதால் ஒரு நாள் முன்னதாகவே சென்று தங்குவது அனுபவசாலிகளின் வழக்கம்.

செலவுக் கணக்கு

விளம்பரத்தில் காணப்படும் கட்டணம் பெரும்பாலும் அறை வாடகையும் பொது உணவகச் சாப்பாடும் மட்டுமே. அதன்மேல் துறைமுகக் கட்டணம், சரக்கு மற்றும் சேவை வரி, பணியாளர்களுக்கான சேவைக் கட்டணம் ஆகியவை சேரும். குளிர்பானம், மது, இணைய இணைப்பு, கரையில் சுற்றிப் பார்க்கும் ஏற்பாடு, சில சிறப்பு உணவகங்கள் ஆகியவற்றுக்குத் தனியே பணம் செலுத்த வேண்டும். கப்பலில் ரொக்கம் பெரும்பாலும் வாங்குவதில்லை. அறைச் சாவியாகப் பயன்படும் அட்டையிலேயே செலவுகள் பதிவாகி, கடைசி நாளில் மொத்தமாகக் கணக்குத் தீர்க்கப்படும். கையில் காசு குறைவது கண்ணுக்குத் தெரியாததால் செலவு மிகுந்துவிடுகிறது. அன்றாடம் வரவேற்பு மேசையில் கணக்கைக் கேட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. பிள்ளைகளின் அட்டைக்கு வரம்பு வைக்க முடியுமா என்றும் அங்கே கேட்கலாம்.

ஓய்வுபெற்ற பெற்றோரைச் சேமிப்புப் பணத்தில் அழைத்துச் செல்வோர், ரத்து செய்தால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும் என்பதை முன்பதிவிற்கு முன்பே படித்தறிய வேண்டும். பயண நாள் நெருங்க நெருங்கத் திரும்பக் கிடைக்கும் தொகை குறைந்துகொண்டே வரும். கப்பலிலுள்ள மருத்துவரின் சேவைக்கும் தனிக் கட்டணம் உண்டு. எனவே மருத்துவச் செலவை உள்ளடக்கிய பயணக் காப்பீடு எடுப்பது அவசியம்.

அறையைத் தேர்ந்தெடுத்தல்

கப்பல் அறைகள் பொதுவாக மூன்று வகைப்படும்: சன்னல் இல்லாத உள்ளறை, கடலைப் பார்க்கும் சன்னல் உள்ள அறை, மாடம் உள்ள அறை. உள்ளறையின் கட்டணம் குறைவு. உறங்குவதற்கு மட்டும் அறையைப் பயன்படுத்துவோருக்கு அது போதும். இருட்டறையில் மூச்சுமுட்டுவதாக உணர்வோர் அதனைத் தவிர்க்க வேண்டும்.

விலையைவிட முக்கியமானது அறையின் இடம். கப்பல் அலையில் ஊசலாடும்போது முன்முனையும் பின்முனையும் மிகுதியாக ஏறி இறங்கும். நடுப்பகுதி குறைவாகவே அசையும். உயரமான தளங்களில் பக்கவாட்டு ஆட்டமும் மிகுதி. குழந்தைகள் ஏறி விளையாடும் ஏற்றப்பலகையின் நடுவில் உட்கார்ந்தவருக்கு ஆட்டம் தெரியாதது போன்றதே இது. எனவே தலைசுற்றல் உள்ளோருக்குக் கீழ்த்தளத்தில் நடுப்பகுதி அறையே ஏற்றது. முழங்கால் வலி உள்ளோர் மின்தூக்கிக்கு அருகில் அறை கேட்க வேண்டும். 200 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள கப்பலில் உணவகத்திற்கு நடப்பதே ஒரு பயணம்தான்.

கடல் ஒவ்வாமை

கப்பலில் ஏற்படும் குமட்டலும் தலைசுற்றலும் நோயன்று. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு அசைவை உணர்கிறது. அறைக்குள் இருக்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இம்முரண்பாட்டால் மூளை குழம்புவதே காரணம். எனவே மேல்தளத்திற்குச் சென்று தொலைவிலுள்ள தொடுவானத்தைப் பார்த்தால் பலருக்குக் குமட்டல் தணிகிறது. புத்தகமோ கைபேசியோ பார்த்தால் கூடுகிறது. வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பண்டம் நிறைந்த வயிறும் கூடாது. இஞ்சி சிலருக்கு உதவுகிறது.

குமட்டலைத் தடுக்கும் மாத்திரைகளை வாந்தி தொடங்கிய பின் விழுங்குவதால் பயன் குறைவு. கப்பல் புறப்படுமுன் எடுக்க வேண்டும். அவை தூக்கத்தை வரவழைக்கும். இரத்த அழுத்தம், புராஸ்டேட் வீக்கம், கண்நீர் அழுத்தம் உள்ளோரும் கருவுற்றோரும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

மூட்டை கட்டுதல்

பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் ஒப்படைத்தால் அவை அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகலாம். ஆகவே பின்வருவன கைப்பையில் இருக்க வேண்டும்:

• கடவுச்சீட்டு, பயணச்சீட்டு, அவற்றின் நகல்கள்
• அன்றாட மருந்துகள், மருத்துவர் சீட்டு, இன்சுலின்
• மூக்குக்கண்ணாடி, மின்னேற்றி
• ஒரு மாற்றுடை, குளிரூட்டிய அரங்குகளுக்கு ஒரு சால்வை

மருந்துகளைப் பயண நாட்களைவிட மூன்று நாட்களுக்குக் கூடுதலாக எடுத்துச் செல்வது பாதுகாப்பானது. இஸ்திரிப்பெட்டி, மின்கெண்டி, கற்பூரம், ஊதுவத்தி, விளக்கு ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. கடலில் தீயே பெரும் பகை என்பதே காரணம். வீட்டில் செய்த புளிச்சோறு, இட்லி போன்றவற்றையும் பொதுவாக அனுமதிப்பதில்லை. சைவ உணவு வேண்டுவோர் முன்பதிவின்போதே அதனைத் தெரிவிக்க வேண்டும்.

புறப்படும் நாள்

ஆவடி, அம்பத்தூர் நிலையங்களிலிருந்து சென்னைக் கடற்கரை நிலையம் வரை செல்லும் மின்தொடர் வண்டிகள் உண்டு. அந்நிலையம் துறைமுகத்தை ஒட்டிய இராசாசி சாலையில் உள்ளது. எனினும் அலுவலக நேரக் கூட்டத்தில் பெட்டிகளோடு முதியோரை ஏற்றுவது கடினம். பூந்தமல்லியிலிருந்து ஈ.வெ.ரா. பெரியார் சாலை வழியாகச் சென்ட்ரல் வரை நேராக வரலாம். எவ்வழியில் வந்தாலும் நெரிசலுக்கென ஒரு மணி நேரம் கூட்டிக் கணக்கிட வேண்டும். எந்த வாயில் வழியாக நுழைய வேண்டும் என்பதைப் பயணச்சீட்டில் பார்த்து ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். கப்பல் புறப்படும் நேரம் வேறு, பயணிகள் ஏற வேண்டிய இறுதி நேரம் வேறு என்பதை நினைவிற்கொள்க.

பாதுகாப்புப் பயிற்சி

கப்பலேறியதும் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியைப் பலர் தொல்லையாகக் கருதுகின்றனர். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கடற்கரையில் 'கோஸ்டா கன்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தனர். அன்று மாலை ஏறிய பயணிகளுக்குப் பயிற்சி நடத்தப்பட்டிருக்கவில்லை. அப்போதைய விதி 24 மணி நேர அவகாசம் தந்திருந்தது. 2015 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்தப்பட வேண்டும் என விதி மாற்றப்பட்டது.

ஏழு குறுகிய ஒலிகளும் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அது நெருக்கடி அறிவிப்பு. அப்போது பெட்டியைத் தேடாமல், குறிக்கப்பட்ட கூடுமிடத்திற்குப் படிக்கட்டு வழியாகச் செல்ல வேண்டும். முதல் நாளே அறையிலிருந்து அவ்விடத்திற்குக் குடும்பத்தோடு ஒருமுறை நடந்து பார்ப்பது நல்ல பழக்கம்.

கரையில் இறங்கும்போது

கரையில் இறங்குவோர் கப்பல் நேரத்தையே பின்பற்ற வேண்டும். இந்தியாவும் இலங்கையும் ஒரே நேரத்தைக் கடைப்பிடிப்பதால் அங்கே குழப்பம் இல்லை. சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. கைபேசி தானாக மாறிக்கொள்ளும், கப்பல் கடிகாரம் மாறாமலும் இருக்கலாம். ஆகவே சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்திற்கு வைத்துக்கொள்வது எளிய வழி.

காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 18 கி.மீ. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையின்றியே செல்ல வேண்டும். திருகோணமலையில் கோணேசுவரம் கோட்டைக்குள் குன்றின்மேல் அமைந்துள்ளது. எங்கு சென்றாலும் தொலைவான இடத்தை முதலிலும் துறைமுகத்திற்கு அருகிலுள்ளதைக் கடைசியிலும் பார்ப்பது அனுபவசாலிகளின் முறை. நிறுவனம் ஏற்பாடு செய்த சுற்றுலாவில் தாமதமானால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். சொந்தமாக வாடகைக் கார் எடுத்தவருக்காகக் காத்திருக்காது.

கடலில் கைபேசியை விமானப் பயண நிலையில் வைக்க வேண்டும். தவறினால் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் கைபேசி தானாகச் சேர்ந்து பெருந்தொகை கட்டணமாக வந்து நிற்கும்.

பயணத்திட்ட மாற்றங்கள்

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் கொந்தளிப்பாக இருக்கும். வங்கக்கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல்கள் மிகுதி. வானிலை மோசமானால் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்துச் செல்லக் கப்பல் தலைவருக்கு அதிகாரம் உண்டு. வானிலையன்றி வேறு காரணங்களாலும் மாற்றம் வரலாம். 2022 ஜூனில் அரசின் அனுமதி கிடைக்காததால் 'எம்பிரஸ்' புதுச்சேரியில் பயணிகளை இறக்க இயலவில்லை. எனவே ஒரு குறிப்பிட்ட கோயில் தரிசனத்தையோ உறவினர் சந்திப்பையோ மட்டும் நம்பிக் கப்பலேறுவது ஏமாற்றத்தில் முடியலாம்.

முதியோரும் குழந்தைகளும்

பலர் நெருங்கி வாழும் இடமாதலால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ நச்சுயிரி கப்பலில் எளிதில் பரவும். சாராயம் கலந்த கைத்தூய்மி இதற்குப் போதாது. சோப்பும் தண்ணீரும் கொண்டு கைகழுவ வேண்டும். ஈரமான தளத்தில் வழுக்காத காலணி, படிகளில் கைப்பிடி, மாடத்து நாற்காலியில் குழந்தையை ஏற விடாமை ஆகியவை சிறிய எச்சரிக்கைகளே ஆயினும் பெரிய துன்பத்தைத் தவிர்ப்பவை.

முதன்முறை செல்வோர் இரண்டு அல்லது மூன்று இரவுப் பயணத்தில் தொடங்குவது நன்று. கடல் தம் உடலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதைக் குறைந்த செலவில் அறிந்துகொள்ள அது உதவும்.