கணிதப் பொறியினுள் பக்கங்களின் இடமாற்றம்

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயில் நிலையமும் அரசு பஸ் நிலையமும் ஒரே சாலையின் இரு மருங்கிலும் எதிரெதிரே அமைந்துள்ளன. ரயில் நிலையத்தில் காத்திருக்கும் ஒருவர் தமது பெட்டியைப் பஸ் நிலையத்தில் வைத்துவிட்டால், ஒவ்வொரு பொருளுக்கும் சாலையைக் கடந்து சென்று வர வேண்டும். ஒரு முறை கடப்பது எளிது. ஆயிரம் முறை கடப்பதாயின் பயணமே தவறிவிடும்.

பெரிய கம்ப்யூட்டர்களினுள்ளும் இத்தகைய நிலைமையே நிலவுகிறது. அவற்றில் பல செயலிகள் உண்டு. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு நினைவகப் பகுதி உண்டு. இவ்விரண்டும் சேர்ந்தது ஒரு கணு எனப்படும். எந்தச் செயலியும் எந்தக் கணுவின் நினைவகத்தையும் படிக்கலாம். ஆயினும் அயல் கணுவிலிருந்து படிக்க அதிக நேரம் பிடிக்கும்.

தம்பானூருக்கு வடமேற்கே கடலோரத்தில் உள்ள தும்பாவில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய 'சாகா-220' என்னும் மீத்திறன் கம்ப்யூட்டர் 2011 மே 2ஆம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. விண்கலப் பொறியியலின் சிக்கலான கணக்குகளுக்கென அமைந்த அதில் 400 செயலிகளும் 400 வரைகலைச் செயலிகளும் இருந்தன. ராக்கெட்டைச் சூழ்ந்து பாயும் காற்றைக் கணக்கிட, அவ்வெளியை எண்ணற்ற சிறு கட்டங்களாகப் பகுக்கின்றனர். ஒரு கட்டத்தின் விவரம் அதைக் கணிக்கும் செயலிக்கு அருகில் இல்லாவிடில், விலையுயர்ந்த பொறி வீணே காத்துக் கிடக்கும்.

லினக்ஸ் இயக்க முறை நினைவகத்தைப் பெரும்பாலும் 4,096 பைட்டுகள் கொண்ட பக்கங்களாகப் பிரித்து ஆள்கிறது. ஒரு பக்கத்தை முதலில் தொடும் செயலி எதுவோ, அதன் கணுவிலேயே அப்பக்கத்திற்கு இடம் ஒதுக்குவது அதன் வழக்கம். தொல்லையும் இங்குதான் தொடங்குகிறது. தொடக்கத்தில் ஒரே செயலி எல்லா விவரங்களையும் எழுதிவிட்டால், பக்கங்கள் அனைத்தும் ஒரே கணுவில் குவிந்துவிடும். குறிப்பிட்ட கணுவிலேயே வை, எல்லாக் கணுக்களிலும் மாறி மாறிப் பரப்பு என்றெல்லாம் நிரல் எழுதுவோர் ஆணையிடலாம்; ஆனால் அவ்வாணை பொதுவாக இனி ஒதுக்கப்படும் பக்கங்களையே கட்டுப்படுத்தும்.

முன்பே குடியேறிய பக்கங்களை மாற்றும் வசதி 2006இல் லினக்ஸில் சேர்ந்தது. முதலில் பக்கம் பூட்டப்படுகிறது. அதன் முகவரிக் குறிப்புகள் நீக்கப்பட்டு, 'இடம் மாறுகிறது' என்னும் அடையாளம் இடப்படுகிறது. அவ்வேளையில் அதைத் தொட முயலும் நிரல் காத்திருக்கும். பின்னர் உள்ளடக்கம் புதிய கணுவிற்குப் படியெடுக்கப்பட்டுக் குறிப்புகள் திருத்தப்படுகின்றன. நிரல் அறிந்த முகவரி மாறுவதேயில்லை என்பது வியப்புக்குரியது. சாதனங்கள் நேரடியாகப் பயன்படுத்துவதற்கென நிலைநிறுத்தப்பட்ட பக்கங்களை மட்டும் இவ்வாறு அசைக்க இயலாது.

2013-14இல் இப்பணியைத் தானாகவே செய்யும் முறையும் வந்தது. இயக்க முறை சில பக்கங்களை வேண்டுமென்றே அணுக முடியாதவையாக்கி, அவற்றைத் தொட முயலும் கணு எதுவெனக் கவனிக்கிறது. பொதுவாக அதே கணு இரண்டாம் முறையும் தொட்டாலன்றிப் பக்கத்தை மாற்றுவதில்லை. இரு கணுக்களும் மாறி மாறித் தொடும் பக்கம் ஓயாமல் அலைந்து, இடமாற்றத்திலேயே காலம் கழிந்துவிடக் கூடாதல்லவா?

ஆகவே அனுபவமிக்கோர் இடமாற்றத்திற்கே அவசியமின்றிச் செய்துவிடுகின்றனர். ஒவ்வொரு செயலியும் தான் பின்னர் கணிக்கப்போகும் பகுதியைத் தானே முதலில் எழுதுமாறு அவர்கள் நிரலை அமைக்கின்றனர்.