இளஞ்சிறார்க்குத் துயர வரலாறு உரைத்தல்: ஹிரோஷிமா பற்றிய சிறார் படைப்புகளை முன்வைத்து

இளஞ்சிறார்க்குத் துயர வரலாற்றை எவ்வளவு சொல்லலாம் என்னும் வினா, பெரும்பாலும் காட்சியின் கொடுமை பற்றியதாகவே கொள்ளப்படுகிறது. தீக்காயத்தைக் காட்டலாமா, பிணத்தை வரையலாமா, எந்த வயதில் என்பனவே விவாதப் பொருள்களாகின்றன. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் நிகழ்ந்த அணுகுண்டு வீச்சைச் சிறார்க்குச் சொன்ன படைப்புகளை நோக்கின், மறைக்கப்பட்டவையும் மாற்றப்பட்டவையும் வேறாக இருப்பது புலப்படும்.

சடாகோ சசாகி குண்டு வீழ்ந்தபோது இரண்டு வயதுக் குழந்தை. 1955 அக்டோபரில், பன்னிரண்டாம் வயதில், இரத்தப் புற்றுநோயால் இறந்தார். எலினார் கோயர் 1977இல் எழுதிய சிறார் நூலில் சடாகோ 644 காகிதக் கொக்குகளை மடித்த நிலையில் இறக்கிறார். எஞ்சியவற்றைத் தோழர்கள் நிறைவுசெய்கின்றனர். சடாகோவின் குடும்பத்தார் கூற்றுப்படி அவர் ஆயிரத்தைக் கடந்தும் மடித்தார். இவ்வேறுபாடு வெறும் எண்ணிக்கைப் பிழையன்று. ஆயிரம் மடித்தால் நலம் பெறலாம் என்று நம்பிய குழந்தை ஆயிரத்தை முடித்தும் இறந்தது என்பதே நிகழ்ந்தது. நூலோ முடிக்க இயலாமையைத் துயரத்தின் மையமாக்கி, அதனை நட்பால் ஈடுசெய்கிறது. குருதியோ பிணமோ இங்கு நீக்கப்படவில்லை. நம்பிக்கை பயன்தராமற்போன உண்மையே நீங்கியது.

தோஷி மருகியின் 'ஹிரோஷிமாவின் மின்னல்' (1980) என்னும் படநூல் இதற்கு நேர்மாறானது. தீப்பற்றிய நகரமும் ஆற்றில் மிதக்கும் உடல்களும் அதில் வரையப்பட்டுள்ளன. ஆயினும் அதனைத் தாங்கிச்செல்வது மீ என்னும் ஏழு வயதுச் சிறுமி, காலை உணவின்போது பிடித்த குச்சிகளை நாட்கள் கடந்தும் விடாமல் பற்றியிருக்கும் செய்தியே. குழந்தை அறிந்த ஒரு பொருளின் வழியே அறியாத பேரழிவு உணர்த்தப்படுகிறது. பின்னாளில் மீ வளராமல் ஏழு வயது உருவத்திலேயே நின்றுவிடுவதையும் மருகி மறைக்கவில்லை.

கேய்ஜி நகாசாவாவின் 'வெறுங்கால் கென்' 1973இல் தொடங்கிய சித்திரத்தொடர். 2012 டிசம்பரில் மட்சுயே நகரக் கல்வி வாரியம் பள்ளி நூலகங்களில் இதனை மூடிய அடுக்கில் வைக்கக் கோரியது. கடும் எதிர்ப்புக்குப் பின் 2013 ஆகஸ்டில் அக்கட்டுப்பாடு விலக்கப்பட்டது. வாரியத்தின் கவலைக்குக் காரணம் அணுகுண்டுக் காட்சிகள் அல்ல. ஆசிய நாடுகளில் ஜப்பானியப் படையினர் செய்த கொடுமைகளைக் காட்டும் பகுதிகளே. பட்ட துயரத்தைக் குழந்தை பார்க்கலாம், இழைத்த துயரத்தைப் பார்க்கலாகாது என்னும் வரையறை இது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தின் நான்கு நிலைக்களன்களுள் 'தம் இறை'யையும் ஒன்றாக வைத்திருப்பது இங்கு எண்ணத்தக்கது. கென்னின் தந்தை போரை எதிர்த்ததால் சொந்த நாட்டு அதிகாரத்திற்கே அஞ்சி வாழ நேர்கிறது. சிறார் பதிப்புகள் விலக்க முனைவதும் பெரும்பாலும் இவ்வச்சத்தையே.

2023இல் ஹிரோஷிமா நகரமே தனது அமைதிக் கல்விப் பாடநூலிலிருந்து கென் பகுதிகளை நீக்கியது. விவாதத்திற்குள்ளான காட்சிகளுள் ஒன்றில் உடல் நலிந்த, கருவுற்ற தாய்க்கு உணவாக்கச் சிறுவன் பிறர் குளத்திலிருந்து கெண்டை மீனைத் திருடுகிறான். அது தவறான புரிதலைத் தரக்கூடும் எனக் கருதப்பட்டது. அக்காட்சியில் குண்டு இல்லை, தீயும் இல்லை. பசி மட்டுமே உள்ளது.