சணல் சவர்க்காரமும் சொறி பிடித்த வீடும்

சென்ற மாரி ஓய்ந்த பின்னர், காத்தான்குடிக்குத் தெற்கே வாவிக் கரையோரமாக உள்ள ஒரு குடியிருப்புக்குப் போயிருந்தோம். படுவான்கரையில் வயல் செய்து வாழ்ந்த குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. 1990இல் எழுவான்கரைக்கு வந்தோரும் உண்டு. 2007இல் வந்து இன்னும் திரும்பிப் போகாதோரும் உண்டு.

ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளும் விரல் இடுக்குகளைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். தாய் ஒரு சவர்க்காரக் கட்டியை எடுத்து வந்து காட்டினார். உறையில் கூரிய விரல்களைப் போன்ற இலையொன்றின் படம். "ஃபாதர், கனடாவில இருந்து தங்கச்சி அனுப்பினவ. தோலுக்கு நல்ல மருந்தாம். ரெண்டு மாசமாப் போட்டுக் குளிப்பாட்டுறன், இன்னும் மாறல்ல" என்றார். அந்தக் கட்டி முடிந்ததும் அதைப் போன்ற இன்னொன்றைக் கடையில் 1,500 ரூபாய் கொடுத்து வாங்கவும் எண்ணியிருந்தார். அருகில் நின்ற மூத்த மகன் கேட்டான்: "இது சணல் சவர்க்காரம்தானே? நம்மட வயலில விதைக்கிற சணலில எண்ணெய் எடுத்து நாமளே செய்யேலாதா?"

தாயின் ஏமாற்றத்துக்கும் மகனின் கேள்விக்கும் விடை சொல்ல வேண்டிய கடமை எமக்கு உண்டு. இதே எண்ணம் வேறு வீடுகளிலும் இருக்கக் கூடும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

எந்தச் சணல்?

தமிழில் சணல் என்னும் ஒரே சொல் மூன்று செடிகளுக்கு வழங்குகிறது. சாக்குப் பின்னும் நார் தரும் செடி ஒன்று. நெல் வயலுக்குப் பசளையாக விதைத்து, பூக்கும் வேளையில் உழுது மடிக்கின்ற சணல் இரண்டாவது. மஞ்சள் பூப் பூக்கும் இது அவரை இனத்தைச் சேர்ந்தது. மூன்றாவது, வெளிநாட்டார் 'ஹெம்ப்' என்று அழைப்பது. இது கஞ்சாச் செடியின் இனமே. போதைப் பொருள் மிகக் குறைவாக இருக்கும்படி தெரிந்தெடுத்து வளர்க்கப்படும் வகை. கனடாவில் 1998ஆம் ஆண்டு முதல் உத்தரவுப் பத்திரத்தோடு இதைப் பயிரிடுகிறார்கள். இந்தியாவில் உத்தரகண்ட் மாநிலம் 2018இல் அனுமதி வழங்கத் தொடங்கியது. உறையில் இருந்த இலை இந்த மூன்றாவது செடியின் இலைதான்.

எனவே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, வயற் சணலின் விதையில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டு. அதைத் தின்ற கால்நடைகள் நோயுற்றிருக்கின்றன. அந்த விதையில் எண்ணெய் எடுக்க எண்ண வேண்டாம். அச்செடி மண்ணுக்குப் பசளையாக மட்டும் இருக்கட்டும். இரண்டாவது, 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தின்படி, உரிய அனுமதி இல்லாமல் கஞ்சாச் செடி வளர்ப்பது எமது நாட்டில் தண்டனைக்குரிய குற்றம். கனடாவிலும் உத்தரகண்டிலும் கொடுக்கும் உத்தரவு இங்கே செல்லாது. "வித்துத் தருகிறோம், நட்டுத் தாருங்கள்" என்று எவரேனும் வந்தால், வழக்குச் செலவும் சிறையும் உங்களுக்கே வந்து சேரும் என்பதை நினைவில் வையுங்கள்.

எண்ணெய் சவர்க்காரமாகும்போது

ஹெம்ப் விதை எண்ணெய் கெட்ட எண்ணெய் அல்ல. அதில் ஏறக்குறைய பாதிக்கு மேல் லினோலெயிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம் இருக்கிறது. தோலின் மேற்படை காய்ந்து போகாமல் காப்பதில் இந்த அமிலத்துக்குப் பங்கு உண்டு. பின்லாந்தில் 20 பேரைக் கொண்டு செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தோல் வறட்சியும் கரப்பனும் உள்ளவர்களுக்கு இவ்வெண்ணெயால் ஓரளவு சுகம் கிடைத்தது. ஆனால் அவர்கள் அதை நாளொன்றுக்கு 30 மில்லிலீற்றர் வீதம் உணவாக உட்கொண்டார்கள். சவர்க்காரமாகத் தேய்த்துக் கழுவவில்லை.

எண்ணெயோடு கோஸ்டிக் சோடா சேரும்போது எண்ணெய் தன் இயல்பை விட்டுச் சவர்க்காரமாகவும் கிளிசரினாகவும் மாறுகிறது. மிஞ்சி நிற்கும் சிறிதளவு எண்ணெயும் ஒரு நிமிடத்தில் தண்ணீரோடு போய்விடும். எந்த எண்ணெயில் செய்தாலும் சவர்க்காரத்தின் வேலை அழுக்கை நீக்குவதே. எமது தோல் இயல்பாகச் சற்றுப் புளிப்புத் தன்மை கொண்டது. சவர்க்காரமோ காரத் தன்மை கொண்டது. வறண்ட தோலில் அதைக் கூடுதலாகத் தேய்த்தால் வறட்சி இன்னும் கூடும்.

சொறிக்கு மருந்து வேறு

அப்பிள்ளைகளுக்கு இருந்தது சொறி. கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சிற்றுண்ணி தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுவதால் வருவது. இரவில் அரிப்புக் கூடும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, மறைவிடம் ஆகிய இடங்களில் சிறு பருக்கள் தோன்றும். ஒரே பாயில் நெருங்கிப் படுக்கும் வீடுகளிலும் முகாம்களிலும் இது விரைவாகப் பரவும். இது அசுத்தத்தினால் வருவதன்று; நெருக்கத்தினால் வருவது. ஆகவே வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2017இல் இதனைக் கவனிப்பாரற்ற வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

தோலுக்குள் இருக்கும் உண்ணியை எந்தச் சவர்க்காரமும் கொல்லாது. அதற்குப் பேமெத்ரின் களிம்பு, பென்சைல் பென்சோவேற் திரவம் போன்ற மருந்துகள் உண்டு. அவற்றை வைத்தியரிடம் காட்டிப் பெற வேண்டும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணித் தாய்க்கும் எது பொருந்தும் என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். மருந்தைப் பாவிக்கும்போது நான்கு விடயங்களைக் கவனியுங்கள்.

1. அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும். உண்ணி தொற்றி நான்கு முதல் ஆறு வாரம் வரை அரிப்புத் தெரியாமலே இருக்கலாம்.

2. புண் உள்ள இடத்தில் மட்டுமன்றிக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை பூச வேண்டும். பேமெத்ரின் என்றால் இரவில் பூசிக் காலையில் கழுவி, ஒரு வாரத்தில் மீண்டும் ஒரு முறை பூச வேண்டும்.

3. அன்றே உடுப்பு, படங்கு, தலையணை உறை ஆகியவற்றைச் சுடுநீரில் தோய்த்து நல்ல வெயிலில் காய விட வேண்டும். தோய்க்க முடியாதவற்றைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைக்கலாம்.

4. உண்ணி செத்த பின்னும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும். அதைக் கண்டு மருந்தை மேலும் மேலும் பூச வேண்டாம்.

தள்ளிப் போட்டால் சொறிந்த புண்ணில் கிருமி தொற்றும். அதனால் சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் பழுதடைவதும் உண்டு. முகம் வீங்கினாலோ சிறுநீர் தேயிலைச் சாயம் போலச் சென்றாலோ அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

இன்னுமொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அரிப்பே இல்லாமல், தொட்டால் உணர்ச்சியும் இல்லாமல், நிறம் மங்கிய தேமல் தோன்றினால் அது தொழுநோயாக இருக்கலாம். மட்டக்களப்பு, தொழுநோயாளர் கூடுதலாகக் கண்டறியப்படும் மாவட்டங்களுள் ஒன்று. எமது வாவியில் உள்ள மாந்தீவில் முன்னைய தலைமுறையினர் வீட்டையும் உறவையும் பிரிந்து வாழ நேர்ந்தது. இன்று அந்தப் பிரிவு தேவையில்லை. ஆறு அல்லது பன்னிரண்டு மாதம் இலவசமாக மருந்து எடுத்தால் முற்றாகக் குணமாகும். அத்தகைய தேமலில் சவர்க்காரமோ எண்ணெயோ தேய்த்து மாதங்களை வீணாக்க வேண்டாம்.

எமது கையால் ஒரு சவர்க்காரம்

மருந்து ஒருபுறம் இருக்க, நாளாந்தம் குளிக்க நல்ல சவர்க்காரம் வேண்டும்தானே. அதற்குத் தேங்காய் எண்ணெயே போதும். அளவைத் தராசில் நிறுத்தே எடுங்கள். போத்தல் கணக்கில் எடுக்க வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் 800 கிராம், வேப்பெண்ணெய் 200 கிராம், கலப்பில்லாத கோஸ்டிக் சோடா 150 கிராம், தண்ணீர் 350 கிராம். இந்த எண்ணெய் முழுவதும் சவர்க்காரமாக 174 கிராம் சோடா தேவை. நாம் குறைத்துப் போடுவதால் கொஞ்ச எண்ணெய் மிஞ்சும். தோலைக் கடுமையாகக் காய வைக்காது. வேப்பெண்ணெயின் மணம் பிடிக்காவிட்டால் முழுவதும் தேங்காய் எண்ணெயாகவே எடுக்கலாம்.

கோஸ்டிக் சோடா சதையை எரிக்கும், கண்ணைக் குருடாக்கும். சிறுவர் இல்லாத வேளையில், வெளியிலே, கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்யுங்கள். தண்ணீருக்குள் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். அலுமினியச் சட்டியை அது அரித்துவிடும். எவர்சில்வர் அல்லது தடித்த பிளாஸ்ரிக் பாத்திரம் எடுங்கள். மேலே பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டு நெடுநேரம் கழுவுங்கள்.

கரைசல் ஆறி இளஞ்சூட்டுக்கு வந்ததும், அதே சூட்டில் உள்ள எண்ணெய்க்குள் மெல்ல ஊற்றிக் கூழ் பதம் வரும்வரை துழாவுங்கள். பொலித்தீன் விரித்த பெட்டியில் வார்த்து, மறுநாள் கையுறையோடு வெட்டி, காற்றோட்டமான நிழலில் நான்கு முதல் ஆறு வாரம் அடுக்கி வையுங்கள். அதற்கு முன் பாவிக்கக் கூடாது. ஏறக்குறைய 12 கட்டிகள் கிடைக்கும். மிஞ்சும் வேப்பெண்ணெயைச் சிறுவருக்கு எட்டாமல் வையுங்கள். குழந்தைக்குக் குடிக்கக் கொடுத்தால் உயிராபத்து.

விலங்குக் கொழுப்பு எதுவும் இதில் இல்லை. எந்தக் கொழுப்போ என்ற ஐயமின்றி முஸ்லிம் வீட்டிலும் இந்து வீட்டிலும் கிறிஸ்தவ வீட்டிலும் பாவிக்கலாம். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரே தராசும் பாத்திரமும் வைத்துச் செய்தால் செலவும் குறையும்.

நாம் முதலில் சொன்ன அந்தத் தாய், பிள்ளைகளையும் கணவரையும் அழைத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனார். பக்கத்து இரண்டு வீட்டாரும் அதே இரவில் மருந்து பூசிக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்து நாம் போனபோது பிள்ளைகள் இரவில் நித்திரை கொள்வதாகச் சொன்னார். தங்கச்சி அனுப்பிய கட்டியில் மிஞ்சியிருந்த துண்டு கிணற்றடியில் கிடந்தது. அதைக் கைகழுவப் பாவிப்பதாகச் சொல்லிச் சிரித்தார். அதற்கு அது நல்ல சவர்க்காரம்தான்.