பக்கத்துத் தெருதான்... ஆனாலும் ஏன் ஆட்டோ?

வீட்டிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் 700 மீட்டர். மொபைல் மேப்பைக் கேட்டால், 'நடந்தால் 9 நிமிடம்' என்கிறது. வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். கல்லூரி போகும் பையன், "பக்கம்தான்" என்பான். வேலைக்குப் போகும் அவன் அக்கா, "காலையில நடந்துடுவேன், திரும்பும்போது ஆட்டோதான்" என்பாள். பாட்டியோ, "அம்மாடி, அவ்ளோ தூரமா!" என்பார். தெரு ஒன்றுதான், தூரம் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுவது சுலபம். 'அந்தக் காலத்துல நாங்க அஞ்சு மைல் நடந்தோம்' என்று தாத்தா உடனே ஆரம்பித்துவிடுவார். (அவருக்கு எதிரே தண்ணீர் லாரி வரவில்லை என்பது வேறு விஷயம்.) ஆனால், இதே வீட்டில்தான் யாராவது ஒருவர் தினமும் காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், பூங்கா வாசலில் நிறுத்திவிட்டு, ஐந்து ரவுண்டு நடந்துவிட்டு வருகிறார். நடப்பதற்கே வண்டியில் போக வேண்டியிருக்கிறது என்றால், குறை காலில் இல்லை.

ஒரு ஏரியா நடக்கத் தோதானதா என்று அங்கே வசிப்பவர்களிடமே கேட்க, அமெரிக்க ஆய்வாளர்கள் 2003-ல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். கடைகள் எவ்வளவு பக்கம், நடைபாதை இருக்கிறதா, வண்டிகளால் பயமா, திருட்டு பயம் உண்டா, பார்க்க ஏதாவது இருக்கிறதா என்று போகும் கேள்விகள். அதை இந்தியச் சூழலுக்கு ஏற்ப மாற்றியபோது, சோதித்துப் பார்த்த ஊர் நம்ம சென்னைதான். அந்த ஆய்வு 2016-ல் வெளியானது.

சென்னைத் தெருக்களில் பாட்டியின் கணக்கு எங்கே இடிக்கிறது? பெரும்பாலும் நடைபாதையின் உயரத்தில். இந்திய சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டுதல்படி, நடைபாதை 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. அதாவது, ஒரு மாடிப்படி அளவு. தடை எதுவும் இல்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் வேண்டும், எதிரெதிரே இரண்டு சக்கர நாற்காலிகள் உரசாமல் போகும் அளவுக்கு. நிஜத்தில், முழங்கால் வரை உயர்ந்த நடைபாதைகளை நாம் பார்த்திருக்கிறோம். நாலு எட்டு வைத்தால் ஒரு வீட்டு கேட்டுக்காகச் சரிவு, இறங்க வேண்டும். மறுபடி ஏறினால் மின்வாரியப் பெட்டி. அதைத் தாண்டினால் பைக். பத்து வீட்டைக் கடப்பதற்குள் பத்து முறை ஏறி இறங்க மூட்டுவலிக்காரரால் முடியுமா? அதனால்தான் அவர் சாலையில் இறங்கி நடக்கிறார். சாலையிலோ பயம். அது வெறும் பிரமையும் அல்ல. 2022-ல் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர்.

அக்காவின் கணக்கு வேறு. பகலில் வழியை அடைக்கிற தள்ளுவண்டி இட்லிக் கடையும் பூக்காரம்மாவின் ஸ்டூலும், இரவு ஒன்பது மணிக்கு அவளுக்குத் துணை. கடைகளும் ஆட்களும் இருக்கும் நீளமான வழியில் போவாளே தவிர, நீண்ட காம்பவுண்டுச் சுவர் ஓரமாகப் போகும் குறுக்கு வழியில் காலடி வைக்க மாட்டாள். தெருவைக் காப்பது அங்கே புழங்கும் மனிதர்களின் பார்வைதான் என்று அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லேயே வாதிட்டார். நடைபாதைக் கடைகளை ஒட்டுமொத்தமாக அகற்றச் சொல்பவர்கள் ஒருமுறை அக்காவோடு இரவில் நடந்து பார்க்கலாம். கடையும் இருக்க வேண்டும், நடக்க இடமும் வேண்டும். சிரமம்தான், ஆனால் முடியாததில்லை.

தெரு மாறினால் எண்ணமும் மாறும். தி.நகர் பாண்டி பஜாரில் 2019-ல் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. இப்போது அங்கே எதுவும் வாங்காமலே உலாவுகிறவர்களையும், பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ்க்ரீம் சாப்பிடும் பெரியவர்களையும் பார்க்கலாம். பெரிய கடைவீதிக்குக் கிடைத்தது நம் குறுக்குத் தெருவுக்கு எப்போது என்பதுதான் கேள்வி. நல்ல நடைபாதை என்பது பாதசாரிகளின் உரிமை என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சென்னையில் இருப்பவர்கள் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் தரலாம். ஒன்றே ஒன்று, 'எங்க தெருவுல நடக்கவே முடியல' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்தக் கதவு எண் வாசலில் கல் பெயர்ந்திருக்கிறது, எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று குறித்துக்கொண்டு அழையுங்கள். குறிக்கப் போகும்போது பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். நம் கண்ணுக்குத் தெரியாதது அவர் காலுக்குத் தெரியும்.